கொம்பையாவின் வலது கால்

நம்பாதவர்கள் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகலாம், பஸ் வசதி இருக்கிறது, கோவில்பட்டியிலிருந்து கிழக்கே போகிற எந்த பஸ்ஸில் ஏறினாலும் எட்டுநாழிப்பட்டி விலக்கில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து கரிசல் காட்டு வழியே நடந்தால் கொஞ்ச தூரத்தில் ஊருணி. கரையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி நின்றால் நாங்கள் பொய் சொல்கிறவர்களா இல்லையா என்பதை உங்கள் உள்ளங்கால் சொல்லிவிடும். செருப்போடு மட்டும் இறங்கிவிடாதீர்கள். அது நாங்கள் குடிக்கிற தண்ணீர்.

அந்தத் தண்ணீர் ஒரு அக்கினி நட்சத்திரத்தில், செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு, காக்காய்கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற வெயிலில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் உறைந்துபோனது. தண்ணீர் மொள்ளப் போன பேச்சிக்கனி குடத்தைச் சாய்த்தாள், குடம் டங் என்று மோதி, கையை விட்டு நழுவி, வழுக்கிக்கொண்டே போய் எதிர்க்கரையில் நின்றவளின் முழங்காலில் இடித்தது. யாரைப் பார்த்துக் குடத்தை விட்டெறிகிறாய் என்று அவள் ஆரம்பிக்க, எறிய வேண்டுமென்றால் உன் வீட்டுக்கே வந்து எறிவேன் என்று இவள் சொல்ல, பழைய விவகாரங்கள் எல்லாம் வரிசையாக வெளியே வந்து, இரண்டு தெருவும் கூடிவிட்டது. ஊருணி உறைந்திருப்பதைப் பற்றிப் பேச்சு வந்தது சண்டை ஓய்ந்த பிறகுதான்.

பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி தாலுகா ஆபீசுக்கு மனு எழுதினார். வந்த அதிகாரி குடையைப் பிடித்துக்கொண்டு நடு ஊருணியில் நின்று, இதை நீர்நிலை என்று எழுதுவதா, நிலம் என்று எழுதுவதா என்று அரை மணி நேரம் யோசித்து, இரண்டும் இல்லையென்றால் எங்கள் துறைக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு ஒரு பன்னீர் சோடா குடித்துவிட்டுப் போனார். அப்புறம் ஊரே ஒரு ஏற்பாட்டுக்கு வந்தது. காலையில் வீட்டுக்கு ஒருவர் கடப்பாரையோடு போய் வேண்டிய கட்டியை வெட்டிக்கொள்வது, வெட்டிய கட்டி கரை தாண்டியதும் குடத்துக்குள் நல்ல பிள்ளையாகத் தண்ணீர் ஆகிவிடும், வெட்டின பள்ளம் மறுநாள் விடிவதற்குள் தானாக நிரவிக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஊர் முழுக்க ஜலதோஷம் வந்தது. சைக்கிளில் குச்சி ஐஸ் விற்றுக்கொண்டிருந்த மரியசூசை இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் கரையிலேயே சுக்குக் காப்பிக் கடை போட்டார். ஒரு மாதத்தில், முன்பு சேற்றைப் பற்றி அலுத்துக்கொண்டது போலவே ஐஸைப் பற்றியும் அலுத்துக்கொள்ளத் தொடங்கினோம்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஹாக்கி என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கரிசல் மண் கோடையில் வெடித்துவிடும், வெடிப்புக்குள் பந்து போனால் தோண்டித்தான் எடுக்க வேண்டும். கண்ணெதிரே கண்ணாடி மாதிரி ஒரு மைதானம் கிடக்கிறபோது எத்தனை நாள் கையைக் கட்டிக்கொண்டிருக்க முடியும். ஊருணியில் செருப்புப் போடக் கூடாது என்பதால் வெறுங்காலோடு, உள்ளங்காலில் விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு இறங்கினோம். பந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்ததால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அடிப்பக்கம் தட்டையாக இருக்கிற கருப்பட்டி ஒன்றை வைத்து ஆடினோம், அது சொன்னபடி கேட்டது. ஜெயித்தவர்கள் கடைசியில் அதை உடைத்து சுக்குக் காப்பியில் போட்டுக் குடித்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு வசதி.

அப்படி ஆடினவர்களில் ஒருவன்தான் கொம்பையா. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை, ஆறடிக்குக் கொஞ்சம் கூட, கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஆட்டம். எவ்வளவு வேகமாக வழுக்கிக்கொண்டு வந்தாலும் நினைத்த இடத்தில் குதிகாலை ஊன்றி நின்றுவிடுவான். அவனிடம் இருந்த ஒரே கோளாறு என்னவென்றால், கால் யார்மேலாவது பட்டுவிட்டால் குனிந்து அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மறுவேலை பார்ப்பான். எல்லோரும் செய்வதுதானே என்பீர்கள். நீங்களும் நானும் செய்வது ஒரு விரலை ஆட்டிவிட்டுப் போவது. அவன் இடுப்பை வளைத்து, கீழே வரைக்கும் போய், நிதானமாகத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நிமிர்வான். அதற்குள் கருப்பட்டி கோலுக்குள் போயிருக்கும்.

அவனுக்குக் கல்யாணம் ஆனதும் அதனால்தான். எட்டையபுரம் போகிற பஸ்ஸில் சண்முகக்கனி என்கிற பெண்ணின் காலை மிதித்துவிட்டான், குனிந்து தொட்டுக் கும்பிட்டான், நிமிரும்போது டிரைவர் பிரேக் போட்டதில் மறுபடி மிதித்தான், மறுபடி குனிந்தான், இப்படியே எட்டையபுரம் வருகிற வரைக்கும் ஏழு தடவை. இறங்கும்போது சண்முகக்கனி தன் அக்காளிடம் சொன்னாளாம், "இப்படிக் குனியுத மனுசன் பொண்டாட்டிய அடிக்க மாட்டாம்க்கா." வீட்டில் பார்த்து வைத்திருந்த டவுன் மாப்பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டி ஆபீஸ்காரனைக் கட்டிக்கொண்டாள். அந்த ஒரு குனிதலை நம்பித்தான் அவள் எங்கள் ஊருக்கு வந்தாள், இதை மறந்துவிடாதீர்கள்.

காற்றாலை மாட்ட வந்த வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் கொம்பையா ஆடுவதைச் செல்போனில் படம் பிடித்துத் தன் மைத்துனருக்கு அனுப்ப, அந்த மைத்துனர் வடக்கே எங்கேயோ வருஷத்தில் எட்டு மாதம் பனி கொட்டுகிற ஒரு ஊரில் ஐஸ் ஹாக்கி கிளப்புக்கு மேனேஜராக இருக்க, மூன்றே மாதத்தில் கொம்பையா விமானம் ஏறிவிட்டான். அந்த ஊரின் பெயர் எங்கள் வாயில் நுழையாது, நுழைந்தாலும் சேதாரமில்லாமல் வெளியே வராது. கிளப்பின் பெயர் சாம்பல் கரடிகள். அடியில் கத்தி வைத்த பூட்ஸைக் கொடுத்து மாட்டிக்கொள் என்றார்களாம், ஐஸ்மேல் செருப்புப் போட மாட்டேன் என்று இவன் மறுக்க, இது குடிதண்ணீர் இல்லையப்பா என்று அவர்கள் புரியவைக்க இரண்டு வாரம் ஆனது. பந்துக்குப் பதிலாக அங்கே வைத்து ஆடுகிற ரப்பர் சில்லைப் பற்றி அவன் முதல் கடிதத்தில் எழுதியது, "கருப்பட்டி மாதிரியே இருக்கிறது, தின்னத்தான் முடியாது" என்பது.

ஒன்பது வருஷம் ஆடினான். ஒன்பது வருஷமும் குனிந்தான். அந்த ஆட்டத்தில் ஆளை ஆள் இடித்துத் தள்ளலாம், சட்டமே அனுமதிக்கிறது. சண்டை வந்துவிட்டால் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு முகத்தில் குத்திக்கொள்வார்கள், குத்தி முடித்ததோடு விவகாரம் தீர்ந்துவிடும், சாயங்காலம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கொம்பையாவும் இடிப்பான், நன்றாகவே இடிப்பான். ஆனால் இடித்து விழுந்தவன்மேல் கால் பட்டுவிட்டால் அங்கேயே குனிந்துவிடுவான். எதிரணிக்காரர்கள் இதைக் கண்டுபிடித்ததும், வேண்டுமென்றே வந்து காலை உரசிவிட்டுப் போவார்கள். யார் கால் யார்மேல் பட்டது என்று நிச்சயமில்லாததால் எதற்கும் இருக்கட்டும் என்று இவன் குனிவான். அவர்கள் கோல் போடுவார்கள். பார்க்க வருகிற கூட்டத்துக்கு அவனைப் பிடித்துப்போனது, அவன் குனிந்தால் மொத்த அரங்கமும் எழுந்து குனிந்தது. மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. ஒன்பதாவது வருஷம் அவர் கூப்பிட்டு, இன்னும் ஒரு தடவை குனிந்தால் அடுத்த விமானத்தில் ஊருக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அதுவரை அவன் ஒரு கோல்கூட அடித்ததில்லை.

அந்த வருஷத்துக் கடைசி ஆட்டம் எங்களுக்குக் காலை ஆறரை மணிக்கு வந்தது. ஊருணிக் கரையில் டிவியை வைத்து, வேப்ப மரத்தில் ஒயரைக் கட்டி, சண்முகக்கனிக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு, ஊரே உட்கார்ந்திருந்தது. இரண்டு பக்கமும் சமம், முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. எதிரணியில் ஹென்ரிக் என்கிற செம்பட்டைத் தாடிக்காரன் சில்லைத் தட்டிக்கொண்டு தனியாக வருகிறான், கொம்பையா பக்கவாட்டில் விரட்டுகிறான், கொம்பையாவின் வலது கால் ஹென்ரிக்கின் கால் பக்கம் போகிறது, ஹென்ரிக் குப்புற விழுந்து ஓரத்துத் தடுப்புப் பலகையில் மோதுகிறான். நாங்கள் எல்லோரும் "குனி" என்று சொன்னோம். கொம்பையா குனியவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் சில்லை எடுத்துக்கொண்டு அந்தக் கோடி வரைக்கும் போய் அடித்தான், கோல் விழுந்தது, கோப்பை அவர்களுக்கு, அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

இங்கே யாரும் கைதட்டவில்லை. ரிமோட் வேலை செய்யாததால் தங்கப்பழம் அண்ணாச்சி ஒயரையே பிடுங்கினார். சண்முகக்கனி நாற்காலியை மடக்கி வைத்துவிட்டு எழுந்து நின்று, "வேலைக்குப் பயந்துட்டாரு. அந்த மனுசனத் தொட்டுக் கும்புட்டாத்தான் இனிமே அவர்ட்டப் பேச எனக்கு வாயி" என்று சொன்னாள். அதுதான் புருஷனைப் பற்றி அவள் பேசிய கடைசிப் பேச்சாக இருந்தது.

அடுத்த மாதமே கொம்பையா ஆட்டத்தை விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிட்டான். அந்தக் கிளப்பு இன்னும் இரண்டு வருஷம் இரு என்று கெஞ்சியும் இருக்கவில்லை. வந்தவனுக்கு சண்முகக்கனி சோறு போட்டாள், துணி துவைத்தாள், காய்ச்சல் வந்தபோது மூன்று நாள் கூடவே உட்கார்ந்து நெற்றியில் பற்றுப் போட்டாள், வாயைத் திறக்கவில்லை. சொல்ல வேண்டியதை ஆட்டுக்குட்டியிடம் சொல்வாள். "ரேசன்ல இன்னைக்குச் சீனி போடுதானாம், போனா வாங்கலாம்" என்பாள் ஆட்டிடம். ஆடு போகாது, அவன் போவான். ஆடுகள் மாறின, ஒன்று கிடாவாகி வெட்டுப்பட்டது, அடுத்த குட்டியிடம் பேச்சைத் தொடர்ந்தாள். ஹென்ரிக்கிடம் போனிலாவது மன்னிப்புக் கேட்டுத் தொலையேன் என்று நாங்கள் சொன்னோம். "தொட்டுக் கும்புடணும்லா, போன்ல எப்படித் தொட" என்பான். பேச்சு நியாயமாகத்தான் இருந்தது, ஆனால் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டான்.

ஊர் அணிக்குப் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொண்டோம், அதில் குறை வைக்கவில்லை. டெய்லர் மாசானம், ரேஷன் கடையில் எடை போடுகிற வேலம்மாள், இரண்டு லாரி டிரைவர்கள், சலூன்கார ஐகோர்ட்துரை, இப்படிப்பட்ட அணிதான். பனியில் நிற்க வேண்டுமானால் முதலில் வெயிலில் நில்லுங்கள் என்று மத்தியானத்தில் பருத்திக் கட்டைகள் குத்துகிற காட்டில் ஓடவிட்டான். ஆடும்போது எங்கள் ஆட்கள் கால் பட்டுக் குனிவார்கள், அதை மட்டும் அவன் ஒரு நாளும் தடுக்கவில்லை. குனிகிறவன் முதுகுக்கு மேலே கருப்பட்டியைத் தூக்கிப் போடு, எதிராளி குழம்பட்டும் என்று அதையே ஒரு வித்தையாக்கிக் கொடுத்தான். எங்கெங்கிருந்தோ வந்த அணிகளெல்லாம் வெறுங்காலோடு இறங்கி வழுக்கி விழுந்து தோற்றுப் போயின. ஆனால் ஜெயித்த பிறகு கருப்பட்டியை உடைக்கும்போது கொம்பையாவுக்கு ஒரு துண்டும் யாரும் நீட்டியதில்லை. ஏழு வருஷம் இப்படி. நாங்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை.

ஏழாவது வருஷம் ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்து ரோஸ்லின் டீச்சர் படித்துச் சொன்னார்: ஹென்ரிக் இப்போது அங்கே ஒரு அணிக்குப் பயிற்சியாளராம், வெயிலில் உருகாத ஐஸில் ஒரு ஆட்டம் ஆட ஆசையாம், ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். ஊருக்கே கல்யாணக் களை வந்துவிட்டது. கொம்பையா மட்டும் அன்றிலிருந்து சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். சண்முகக்கனி ஆட்டிடம், "வரட்டும், எல்லாம் நல்லபடியா முடியும்" என்றாள், குரலில் ஏழு வருஷமாக இல்லாத ஒரு இளக்கம்.

வந்தார்கள். இருபத்திரண்டு ஜோடி பூட்ஸைக் கரையில் வரிசையாகக் கழற்றி வைக்கச் சொன்னோம், மரியசூசை ஒவ்வொன்றுக்கும் டோக்கன் கொடுத்தார். வெறுங்காலில் விளக்கெண்ணெயைத் தடவிவிட்டதும் ஆறரை அடி ஆட்களெல்லாம் கூச்சத்தில் சிரித்தார்கள். மேலே நாற்பத்தொரு டிகிரி வெயில், கீழே ஐஸ். மண்டை வேர்க்க, கால் விறைக்க, ஒருவர்மேல் ஒருவர் விழுந்து எழுந்து, எப்படியோ சமாளித்து, இடைவேளை விடும்போது இரண்டுக்கு இரண்டு என்று நின்றார்கள். ஹென்ரிக் தாடி நரைத்துப் போயிருந்தாலும் தடித்த கையுறையோடு இறங்கி நின்று தன் ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"ஏ கொம்பையா, போப்பா. இன்னும் எவ்வளவு நேரம்" என்றார் தங்கப்பழம் அண்ணாச்சி.

ஊர் மொத்தமும் கரையில் எழுந்து நின்றது. சண்முகக்கனி கையில் செம்போடு முன்னால் வந்து நின்றாள். கொம்பையா நடு ஊருணிக்கு நடந்து போனான், ஹென்ரிக்கின் முன்னால் நின்றான், குனிந்தான். பாதிக் குனிவில் ஹென்ரிக் அவன் தோளைப் பிடித்துத் தடுத்து நிமிர்த்தினார். என்ன இது என்று இங்கிலீஷில் கேட்க, ரோஸ்லின் டீச்சர் ஓடிப் போய் எல்லாவற்றையும் சொல்ல, ஹென்ரிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். டீச்சர் எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"கால் படவே இல்லையாம்! இவரு பூட்ஸ் கத்திதான் ஐஸ்ல சிக்கிச்சாம், தானாத்தான் விழுந்தேன்னு சொல்லுதாரு! இத்தன வருசமா மகன்கிட்டகூட அப்படித்தான் சொல்லிட்டு இருக்காராம்!"

கரை அதிர்ந்தது. நான் அப்பவே சொன்னேன்லா என்று அதுவரை எதையுமே சொல்லாதவர்கள் சொன்னார்கள். கொட்டுக்காரர் யார் சொல்லும் கேட்காமல் கொட்டத் தொடங்கினார். வேலம்மாள் புதுக் கருப்பட்டி ஒன்றை எடுத்து உடைத்து முதல் துண்டை கொம்பையாவுக்கென்று கையில் வைத்துக்கொண்டாள். சண்முகக்கனியின் முகத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், உதடு பிரிந்துவிட்டது, இன்னும் ஒரு மூச்சில் பேசிவிடுவாள். அவன் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா நிற்பது. ஒரு தொழில் ஆட்டக்காரனுக்கு அது பெரிய காரியமா.

"டீச்சர்," என்றான் கொம்பையா. ஒன்பது வருஷத்தில் அவன் கற்றது ஆட்டக்காரர்கள் பாஷை, இதைச் சொல்ல அது போதாது. "அவர்ட்ட சொல்லுங்க. கால் படல. நான் வச்சேன்."

கொட்டு நின்றது.

"தெரிஞ்சுதான் வச்சேன். நுனியில லேசா ஒரு தட்டு, அவருக்கே தெரியாது. ஒம்பது வருசம் ஒரு கோல் போடல டீச்சர், அன்னைக்கு ஒண்ணு போட்ரணும்னு ஒரு வெறி. வேலைக்குப் பயந்து குனியாம வந்தேன்னு எல்லாரும் நெனச்சீங்க. அது இல்ல. தெரியாமப் பட்ட காலுக்குக் குனியலாம். வச்ச காலுக்கு எப்படிக் குனிய? குனிஞ்சா அதுவும் ஒரு பொய்தான. இப்பக் குனிய வந்ததும் அந்தப் பொய்தான்."

"இத நான் எப்படிப்பா அவர்ட்டச் சொல்ல?" என்றார் டீச்சர்.

"உள்ளதச் சொல்லுங்க."

டீச்சர் சொன்னார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் புரியாத பாஷைகூட எங்களுக்குப் புரிந்தது. ஹென்ரிக் இரண்டு கையுறைகளையும் கழற்றினார், ஊருணியில் எதையும் போடக் கூடாது என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்ததால் அவற்றை டீச்சரிடம் கொடுத்தார், கொடுத்துவிட்டு கொம்பையாவின் வாயில் ஒரு குத்து விட்டார். பட்டால் மாடு விழுகிற குத்து. கொம்பையா மல்லாந்து விழுந்து பத்தடி வழுக்கிக்கொண்டு போனான்.

எங்கள் ஆட்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். அவன் என்ன செய்திருந்தாலும் எங்கள் ஊர்க்காரன், அவனை அவமானப்படுத்துகிற உரிமை எங்களுக்கு மட்டும்தான் உண்டு. கொம்பையா படுத்தபடியே ஒரு கையை உயர்த்தினான்.

"யாரும் தொடாதீங்க. சரியாப் போச்சு," என்றான், வாய் முழுக்க ரத்தத்தோடு. அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஏழு வருஷத்தில் அவன் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது, வெட்கமாகவும் இருந்தது. ஹென்ரிக் வந்து கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், அந்த ஆட்டக்காரர்கள் பாஷையில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள், அதை டீச்சரும் மொழிபெயர்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அப்போது சண்முகக்கனி செம்பைக் கரையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஐஸில் இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் கடப்பாரையோடு வந்திருக்கிறாள், குடத்தோடு வந்திருக்கிறாள், ஆட்டம் நடக்கும்போது ஒரு நாளும் இறங்கியதில்லை. மெதுவாக, விரல்களை ஊன்றி ஊன்றி நடந்தாள். ஏமாற்றிக் கோல் அடித்தவன் என்று தெரிந்துவிட்டது, குனிகிற மனுஷன் என்று நம்பித்தானே வந்தாள், இனி ஆட்டுக்குட்டியிடம்கூடப் பேச மாட்டாள் என்று எனக்குப் பக்கத்தில் நின்ற மாசானம் முணுமுணுத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் கொம்பையாவின் முன்னால் போய் நின்றாள். அவன் முகத்தை, கிழிந்த உதட்டை, வீங்கத் தொடங்கியிருந்த தாடையை, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். வாயில் நிறைந்துவிட்ட ரத்தத்தையும் பல்லையும் துப்புவதற்காக ஒரு பக்கம் தலையைத் திருப்பினான். அவள் சட்டென்று அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"இங்க துப்பாதீங்க," என்றாள் சண்முகக்கனி. "குடிக்கிற தண்ணி. கரைக்கு வாங்க, செம்புல தண்ணி கொண்டாந்திருக்கேன், கொப்புளிக்கலாம்."